இருமலுக்கு வந்த மருந்து

ஜெர்மனி தேசத்தில், ரைன் நதியோடு சென்று கலக்கும் வூப்பர் என்னும் சிற்றாற்றின் கரையில், சாயத் தொழிலுக்குப் பேர்போன எல்பர்ஃபெல்ட் என்ற ஊரில் இருந்த பாயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற இளம் ரசாயன நிபுணர் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு பொருள்களைத் தயாரித்தார். 10-ஆம் தேதி தயாரானது ஆஸ்பிரின். 21-ஆம் தேதி தயாரானது ஹெராயின். இரண்டுக்கும் கையாண்ட யுக்தி ஒன்றே. சாலிசிலிக் அமிலம் காய்ச்சலைத் தணித்தாலும் வயிற்றைப் புண்ணாக்கியது. மார்ஃபின் வலியை மறக்கடித்தாலும் உட்கொண்டவனை விடாமல் பற்றிக்கொண்டது. ஆகவே இவ்விரண்டின் அணுத்திரள்களோடும் புளிக்காடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு துணுக்கை ஒட்டிவிட்டால், குற்றம் நீங்கிக் குணம் மட்டும் நிற்கும் என்பது அங்கிருந்தவர்களின் எதிர்பார்ப்பு. ஆஸ்பிரின் விஷயத்தில் அது பெரும்பாலும் பலித்தது. ஹெராயின் விஷயத்தில் நேர்ந்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் எல்பர்ஃபெல்டைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, நம் தேசத்துக் கங்கைக் கரைக்குப் போய்வர வேண்டும்; ஏனெனில், ஜெர்மானிய ஆய்வுக்கூடங்கள் தலையெடுப்பதற்கு வெகு காலம் முன்பே மார்ஃபினுக்கு மூலமான அபின் உலக வர்த்தகமாக வளர்ந்தது அங்கேதான்.

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசாவும், புற்றுநோயாளியின் வேதனையை ஆஸ்பத்திரியில் தணிக்கும் மார்ஃபினும், தெருமுனையில் ரகசியமாகக் கைமாறும் ஹெராயினும் ஒரே செடியிலிருந்து வருபவை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விதையில் லாகிரி அநேகமாக இல்லையென்றே சொல்லிவிடலாம். இருந்தும் வளைகுடா நாடுகள் சிலவற்றில் கசகசா தடுக்கப்பட்ட சரக்கு என்பதால், மசாலாப் பொட்டலங்களோடு விமானம் ஏறுகிறவர்களை, "அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போ" என்று வீட்டார் எச்சரித்து அனுப்புவது நம் ஊர்களில் உண்டு. லாகிரி இருப்பது பச்சைக் காயின் பாலில். பூவிதழ் உதிர்ந்து சில நாட்கள் ஆனபின், மாலை வேளையில் கூரிய கருவியால் காயின் தோலை மேலாகக் கீறிவிடுவார்கள்; இரவெல்லாம் வெண்பால் துளித்துளியாகக் கசிந்து, விடிவதற்குள் பழுப்பேறி இறுகிவிடும்; அதைக் காலையில் வழித்து எடுத்தால் அபின். பேதிக்கும் தீராத வலிக்கும் தூக்கமின்மைக்கும் அதை அளவறிந்து கொடுக்கும் வழக்கம் கீழ்த்திசை வைத்திய முறைகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது. வைத்தியர் கையை விட்டு அது வீட்டார் கைக்கு வந்ததும் உண்டு: பம்பாய் மில்களில் வேலை பார்த்த தாய்மார், தாங்கள் திரும்பி வரும்வரை கைக்குழந்தை அழாமல் உறங்குவதற்காக, அபின் கலந்த 'பால்கோலி' என்னும் சிறு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வறுமை செய்யும் காரியங்களில் அதுவும் ஒன்று.

1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபின் வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். அது முதல், பீகாரிலும் காசிப் பிராந்தியத்திலும் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து, குறித்த நிலத்தில் கசகசாச் செடியையே பயிரிடச் செய்து, விளைந்த பாலைக் கம்பெனி வைத்த விலைக்கே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேரூன்றியது. பாட்னாவில் ஒரு தொழிற்சாலை. காஜிப்பூரில் 1820-இல் தொடங்கிய இன்னொன்று. இரண்டாவது தொழிற்சாலை இன்றும் அரசாங்கத்தின் வசத்தில், மருந்துக்கான அபினைப் பக்குவம் செய்துகொண்டு நடந்து வருகிறது.

அக்காலத்துத் தொழிற்சாலையின் வேலைமுறை பார்க்கத் தகுந்ததாகவே இருந்திருக்க வேண்டும். கசகசாப் பூவின் உதிர்ந்த இதழ்களைச் சூடான மண் தட்டின்மேல் பரப்பி, ஈரத் துணியால் அழுத்தி, சப்பாத்தியைப்போல் வட்ட வட்டமாகத் தட்டித் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து கொடுப்பது உழவர் குடும்பத்துப் பெண்களின் வேலை. உருண்டை பிடிக்கும் தொழிலாளி தன் முன்னிருக்கும் பித்தளைக் கிண்ணத்தில் இந்த இதழ்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மட்டமான அபினைக் கரைத்த பசை தடவி அடுக்கி, நடுவில் நிறுத்த அபினை வைத்து, மேலும் தகடுகளால் மூடி, இளநீர்க் காயளவு பெரிய ஓர் உருண்டையாக்கிவிடுவான். வானளாவிய மரச் சட்டங்களில் வரிசை வரிசையாக அடுக்கிய அந்த உருண்டைகள் பூஞ்சை பிடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கும்பொருட்டு, அவற்றைச் சிறுவர்கள் ஏறி எடுத்துப் புரட்டிப் புரட்டித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நாற்பது உருண்டைகள் கொண்டது ஒரு பெட்டி. எடை சுமார் 63 கிலோ. பெட்டிகள் கங்கை வழியாகக் கல்கத்தாவுக்குச் சென்று ஏலத்தில் விற்கும். அதோடு கம்பெனியின் கை சுத்தமாகிவிடும். சீனத்தின் கரைக்கு அவற்றைக் கடத்திச் சென்று விற்பவர்கள் தனி வியாபாரிகள். சட்டப்படி பார்த்தால் கம்பெனி ஒரு குற்றமும் செய்யவில்லை என்று வாதிக்க இடம் வைத்து நடத்திய இந்த வியாபாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைக் கொடுத்தது. ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் பின்னாளில் பிரசித்தியடைந்த ஆசிரியர் 1903-இல் பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்ததற்குக் காரணம், அவர் தந்தை இந்த அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்ததுதான்.

1839-இல் சீனச் சக்கரவர்த்தியின் கமிஷனராகக் காண்டனுக்கு வந்த லின் ட்ஸெஷூ, அந்நிய வியாபாரிகளிடமிருந்து 20,000-க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைப் பறிமுதல் செய்து, ஹூமன் என்னும் கடற்கரை ஊரில் பெரிய பள்ளங்கள் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். விக்டோரியா மகாராணிக்கு அவர் ஒரு கடிதமும் எழுதினார். அதற்குப் பதிலாக வந்தவை யுத்தக் கப்பல்கள். அந்த யுத்தங்களின் கதை விரிவாகப் பலரும் எழுதியது, இங்கே வேண்டியதில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அரசாங்க கஜானா நெடுங்காலம் அபின் குத்தகையை நம்பியே இருந்தது. சீனக் கூலிகளுக்கு அபின் கடை, தமிழ்க் கூலிகளுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை என்று, உழைக்கிறவன் கைக்கூலியில் ஒரு பகுதி மாலைக்குள் வந்த வழியே திரும்பிவிடும்படியான ஏற்பாடு அங்கே நிலவியது.

அபின் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், அதன் சாரம் எது என்ற ஆராய்ச்சியும் ஐரோப்பாவில் நடந்தது. பாடர்போர்ன் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருந்த ஸெர்ட்யூர்னர், 1805-ஐ ஒட்டிய வருஷங்களில், அபினிலிருந்து வெண்ணிறமான ஒரு படிகத்தைப் பிரித்தெடுத்தார், அதுவே மார்ஃபின். தாம் கண்டது சரிதானா என்று அறிய, பதினேழு வயதுக்கு மேற்படாத மூன்று இளைஞர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை, அரை அரைக் கிரெயினாக நால்வரும் உட்கொண்டார்கள். தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் வந்து நிலைமை விபரீதமாகவே, பயந்துபோன ஸெர்ட்யூர்னர் எல்லோருக்கும் கடுமையான புளிக்காடியைக் குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்து உயிர் தப்பினார். இந்த விஷயத்தை அவரே 1817-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதிவைத்தார். மருந்தின் வீரியத்தை அன்று ஒரு பிற்பகலிலேயே அறிந்துகொள்ள முடிந்தது. அதன் பிடியை அறிவதற்கு இரண்டு தலைமுறை தேவைப்பட்டது.

1827-இல் டார்ம்ஷ்டாட் நகரத்து மெர்க் நிறுவனம் மார்ஃபினை விற்பனைக்கென்றே தயாரிக்கத் தொடங்கிற்று. 1853-இல் எடின்பரோவில் அலெக்ஸாண்டர் வுட் என்ற டாக்டர் தோலுக்கடியில் மருந்தேற்றும் ஊசியைக் கையாண்டார். அபினை விழுங்குவதால்தான் வயிறு அதற்குப் பழகிப்போய்ப் பசியைப்போல் அதைக் கேட்கிறது, ஊசி வழியாகக் கொடுத்தால் அந்தப் பழக்கம் ஏற்படாது என்று அக்காலத்து வைத்தியர்களில் பலர் மனப்பூர்வமாக நம்பினார்கள். நம்பியதன் பலனை யுத்தகளத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும், நரம்பு வலிக்காக ஊசியும் மருந்தும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற கனவான்களும் சீமாட்டிகளும், கடைசியில் தங்கள் பையிலேயே மருந்தை வைத்துக்கொண்டிருந்த வைத்தியர்களும் அனுபவித்தார்கள். பெர்லினுக்கு அடுத்த ஷோனெபெர்கில் ஆஸ்பத்திரி நடத்திய எடுவார்ட் லெவின்ஸ்டைன் என்ற டாக்டர், 1877-இல் இந்த மார்ஃபின் வேட்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். மருந்தை ஒரேயடியாக நிறுத்தி, நோயாளியைக் காவலோடு ஓர் அறையில் அடைத்துவைத்து, என்ன நேர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். கொட்டாவிமேல் கொட்டாவி, தும்மல், கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, கைகால் குடைச்சல், வாந்தி, பேதி, உறக்கமே இல்லாத இரவுகள், "கொஞ்சமாவது கொடுங்கள்" என்ற மன்றாட்டு, கொடுக்காவிட்டால் ஆத்திரம்: இன்று எந்தப் போதை மீட்பு நிலையத்திலும் டாக்டர்கள் குறித்துக்கொள்ளும் அடையாளங்கள் அநேகமாக இவையே. அவருடைய முறை கொடுமையானது. இன்று யாரும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்தப் பார்வை பொய்யானதல்ல.

பிடியைக் கண்டபிறகு அதிலிருந்து விடுவிக்க வழி தேட வேண்டுமல்லவா? அந்த வழியும் இன்னொரு புட்டியின் உருவத்திலேயே வந்தது. வியன்னாவில் இளம் டாக்டராக இருந்த ஸிக்மண்ட் ஃபிராய்ட், 1884-இல் கோகேயினைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதியதோடு, மார்ஃபினுக்கு அடிமைப்பட்டிருந்த தம் அருமை நண்பர் எர்ன்ஸ்ட் ஃபான் ஃப்ளைஷ்ல்-மார்க்ஸோவுக்கு அதையே பரிகாரமாகவும் கொடுத்தார். கைவிரல் துண்டிக்கப்பட்டபின் தீராமல் நின்ற நரம்பு வலிக்காக மார்ஃபினைத் தொட்டவர் அந்த நண்பர். சிறிது காலத்தில் அவர் இரண்டுக்கும் அடிமையாகி, 1891-இல் காலமானார்.

எல்பர்ஃபெல்டுக்கு இனித் திரும்பலாம். ஹாஃப்மன் தயாரித்த பொருள் உலகத்துக்கு முற்றிலும் புதிதல்ல. 1874-இலேயே லண்டனில் ஸெயிண்ட் மேரி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆல்டர் ரைட் என்ற ரசாயன நிபுணர் அதைச் செய்து பார்த்துவிட்டு, மிருகங்களின்மீது அது உண்டாக்கிய சோர்வையும் கலக்கத்தையும் குறித்துவைத்ததோடு விட்டுவிட்டார். பாயர் கம்பெனியில் மருந்துப் பரிசோதனைக்குத் தலைவராக இருந்த ஹைன்ரிஹ் டிரெஸர் அப்படி விடவில்லை. தவளைக்கும் முயலுக்கும் கொடுத்தார், தாமே உட்கொண்டார், தொழிற்சாலைப் பணியாளர் சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார். இருமல் அடங்கியது, மூச்சு நிதானப்பட்டது. ஆஸ்பிரின் இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்று அஞ்சி அதை ஒதுக்கிவைத்த அதே டிரெஸர், ஹெராயினை ஆவலோடு முன்னே தள்ளினார் என்று மருந்துச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1898-இல் அந்தப் பெயர் வர்த்தகச் சின்னமாகப் பதிவாயிற்று. அவ்வருஷமே ஜெர்மானிய விஞ்ஞானிகளின் மகாநாட்டில் டிரெஸர் அதன் மகிமையை எடுத்துரைத்தார்.

இன்றிருந்து நோக்கி அவர்களை ஏளனம் செய்வது சுலபம், நியாயமல்ல. க்ஷயமும் நிமோனியாவும் வீட்டுக்கு வீடு உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. பெனிசிலின் வருவதற்கு இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. இரவு முழுவதும் இருமி இருமி மார்பெலும்பு நோக, ஒரு மணி நேரமேனும் கண்ணயர முடியாத நோயாளிக்கு உறக்கம் கொடுத்த மருந்தை வைத்தியர்கள் தெய்வப் பிரசாதமாகக் கருதியதில் வியப்பில்லை. கம்பெனி இலவச மாதிரிகளை டாக்டர்களுக்கு அனுப்பியது. பொடியாகவும், மாத்திரையாகவும், தித்திப்பான மிட்டாயாகவும், பானகமாகவும் அது கிடைத்தது. ஓரிரு வருஷத்துக்குள் வருஷத்துக்குச் சுமார் ஒரு டன் வீதம் உற்பத்தியாகி, 23 தேசங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1912-ஐ ஒட்டி ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகைகளில் வெளிவந்த விளம்பரங்களில், இருமும் குழந்தைக்குத் தாய் அன்போடு கரண்டியில் ஊற்றிக்கொடுக்கும் படம் காணப்படுகிறது. இதனிடையே, மார்ஃபின் பழக்கத்தை விடுவிக்கவும் ஹெராயினே நல்லது என்று சில டாக்டர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்றால், பரிசோதனையின் கால எல்லையில் நேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். டிரெஸர் கணக்கிட்டது நிமிஷத்துக்கு இத்தனை மூச்சு என்பதை. ஒரு மாதம் உட்கொண்டவன் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகிறான் என்பது அவர் கேட்ட கேள்வியாக இருக்கவில்லை. அதே பாஷையில், அதே தேசத்தில், லெவின்ஸ்டைன் தம் நூலை வெளியிட்டு அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. மேலும், குற்றத்தை நீக்குவதற்காக ஒட்டிய அந்தத் துணுக்கு உண்மையில் செய்த காரியம் விபரீதமானது. அதன் உதவியால் ஹெராயின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் மார்ஃபினைவிட வெகு விரைவாகப் புகுந்துவிடுகிறது. புகுந்தபின் துணுக்கு கழன்று, பெரும்பாலும் மறுபடி மார்ஃபினாகவே நின்று வேலை செய்கிறது. லாகிரியின் பிடி அது மூளைக்கு எட்டும் வேகத்தைப் பொறுத்தது என்பது பின்னால் தெரிந்துகொண்ட பாடம். பழக்கத்தை அகற்றச் செய்த மாற்றமே அதைத் துரிதப்படுத்திவிட்டது.

1910-க்குள் நியூயார்க், பிலடெல்ஃபியா ஆஸ்பத்திரிகளில் இருமல் என்பதையே அறியாத வாலிபர்கள் ஹெராயின் பழக்கத்தோடு வந்து சேரலானார்கள். 1912-இல் ஹேக் நகரத்தில் அபின் உடன்படிக்கை ஏற்பட்டது. 1913-இல் பாயர் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. 1914-இல் அமெரிக்காவில் இத்தகைய லாகிரிச் சரக்குகளைக் கட்டுப்படுத்தும் ஹாரிஸன் சட்டம் வந்தது. 1924-இல் அங்கே ஹெராயின் தயாரிப்பதையே தடுத்தார்கள். பிரிட்டனில் மட்டும் ரோல்ஸ்டன் கமிட்டி 1926-இல் வேறு வழியைச் சொல்லி, அடிமைப்பட்டவரை நோயாளியாகக் கருதி, அவசியமானால் டாக்டரே அளந்து கொடுக்கலாம் என்று அனுமதித்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வைத்தியர்கள் செய்த பிழையைச் சட்டம் செய்தவர்களும் வேறொரு விதத்தில் செய்தார்கள் என்று சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எனினும் ஆசியாவின் சரித்திரம் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் ஹாங்காங்கிலும், 1959-இல் தாய்லாந்திலும், 1979-இல் பாகிஸ்தானிலும் அபின் விற்பனைக்குத் தடை வந்தது. முதியவர்கள் திண்ணையில் சாய்ந்து ஊதிய அபினுக்கு மணமும் பருமனும் உண்டு, ஒளித்துவைப்பது கஷ்டம். பத்துக் கிலோ அபினைக் காய்ச்சி ஒரு கிலோ ஹெராயினாக்கிவிட்டால் மணம் போயிற்று, பருமன் குறைந்தது, லாபம் பெருகிற்று. மூன்று இடங்களிலும் தடைக்குப்பின் அபின் குழாயின் இடத்தில் ஹெராயின் வந்து அமர்ந்தது. ஊதியவர்களில் முதியவர்கள் குறைந்து இளைஞர்கள் அதிகமானார்கள். தடையே கூடாது என்பது இதன் பொருளாகாது. தடுப்பவர்கள், பழகியவனுக்கு மறுநாள் காலையில் என்ன கதி என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

நம் நாட்டுப் பெருநகரங்களுக்கு 1980-களின் தொடக்கத்தில் அது வந்து சேர்ந்தபோது அதன் பெயர் பிரவுன் சுகர். பெயரைக் கேட்டவர்கள் ஏதோ மிட்டாய்ப் பண்டம் என்று எண்ணியிருப்பார்கள். இலங்கையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அது பரவிற்று. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி மருத்துவ நிலையம், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை செய்ய ஏற்பட்டது. வந்தவர்களில் பிரவுன் சுகர் பழக்கமுள்ளவர்களும் பின்னர் சேர்ந்தார்கள். 1985-இல் இந்தியப் பார்லிமெண்டு போதைப் பொருள் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தில், பழக்கத்துக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் உட்கொண்ட குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64ஏ என்ற பிரிவு இடம் தருகிறது. இது குடும்பங்களுக்குத் தெரியாததால், "போலீஸ் வந்துவிடுமே, பெயர் கெட்டுவிடுமே" என்று பிள்ளையை அறைக்குள் பூட்டிவைக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பூட்டிவைப்பது லெவின்ஸ்டைனின் முறை. அவரிடமாவது பக்கத்தில் டாக்டர் இருந்தார்.

வீட்டார் கண்ணுக்கு அது முதலில் எப்படிப் புலப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் அதைப் பெரும்பாலும் வேறொன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்த பையன் கையில் பிசைந்த சோற்றோடு தலைகவிழ்ந்து உறங்கிப்போவான். "ராத்திரி படித்திருப்பான்" என்று அம்மா நினைப்பாள். மூக்கையும் கன்னத்தையும் ஓயாமல் சொறிவான். வேனல் என்று நினைப்பார்கள். மங்கலான வெளிச்சத்திலும் கண்ணின் மணி ஊசிமுனையளவாகச் சுருங்கியே இருக்கும். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் டாக்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். நாட்கணக்கில் மலம் கழியாது. உடம்பு இளைக்கும், குளிக்க விருப்பம் இராது, கோடையிலும் முழுக்கைச் சட்டை. சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம் கருகிய நிலையில் குளியலறை ஜன்னலிலோ புத்தகத்தின் நடுவிலோ அகப்படும். வீட்டிலிருந்து பணமும், பிறகு வெள்ளிப் பாத்திரமும், பிறகு பாட்டியின் தோடும் காணாமற்போய், வேலைக்காரியின்மேல் பழி விழும். மருந்து கிடைக்காத நாளில், கடைசியாக உட்கொண்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலும் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்தில் தணியும். அதை விஷக் காய்ச்சல் என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு.

அந்த ஒரு வாரம் கழிந்ததும் பையன் குணமாகிவிட்டான் என்று நம்புவதே எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது, மனம் மறப்பதில்லை. சில வாரமோ மாதமோ விலகியிருந்தவன், சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ வெளியே வந்த வேகத்தில், முன்பு தாங்கிய அளவையே மறுபடி எடுத்துக்கொண்டால், தாங்கும் சக்தியை இழந்துவிட்ட உடம்பில் மூச்சை நடத்தும் மூளைப்பகுதி அடங்கிப்போய் அவன் உறக்கத்திலேயே இறக்கிறான். இருமலை அடக்கிய அதே குணந்தான் மூச்சையும் அடக்குகிறது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எய்ட்ஸ் கிருமியும் கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் கிருமியும் பரவுவதும் வேறு உண்டு.

மீள முடியுமா என்ற கேள்விக்குச் சரித்திரம் ஒரு விசித்திரமான பதிலை வைத்திருக்கிறது. வியட்நாம் யுத்தத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவிவிட்டது என்ற கலவரத்தில், 1971-இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்போது, லீ ராபின்ஸ் என்ற அம்மையார் அரசாங்கத்துக்காக அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அதற்கு அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அப்படி அடிமைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே மறுபடி அந்த நிலைக்குப் போனார்கள். பலரும் இதை நம்ப மறுத்தார்கள். போர்க்களமும், மலிவாகக் கிடைத்த சரக்கும், சுற்றியிருந்த கூட்டமும் ஒருங்கே விலகியபோது பழக்கமும் பெரும்பாலோரை விட்டு விலகிற்று. நம் பையன்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சிகிச்சை முடிந்து அவர்கள் திரும்புவது அதே தெருவுக்கும் அதே நண்பர்களிடமும்.

ஆகையால்தான், 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்ஸென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள், ஜெர்மானிய ஆய்வுக்கூடத்திலேயே பிறந்த மெத்தடோன் என்ற மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து, நோயாளி வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு வாழும்படி செய்ததை நான் பழைய கதையின் இன்னோர் அத்தியாயமாகக் கருதவில்லை. அவர்கள், இது பழக்கத்தை உண்டாக்காது என்று சொல்லவில்லை. உண்டாக்கும், ஆனால் மெதுவாக வேலை செய்து நிலைத்து நிற்கும் என்று தெரிந்தே கொடுத்தார்கள். பழைய கதை திரும்பி வந்தது 1996-இல், பர்டியூ என்ற அமெரிக்கக் கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரையை, பழக்கத்துக்கு இடம் தருவது அரிது என்ற வாக்கோடு டாக்டர்களிடம் கொண்டுசென்றபோது. 2007-இல் அக்கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பின்னர், மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்கும், அதற்கப்பால் ஃபெண்டனைல் என்னும் லாகிரிக்கும் போனார்கள்.

ஒரு மருந்து மட்டும் இந்த வரிசையில் சேராமல் தனித்து நிற்கிறது. 1961-இல் ஜாக் ஃபிஷ்மன் முதலியோர் உரிமைப் பதிவு செய்த நலாக்ஸோன், மூளையில் ஹெராயின் பற்றிக்கொள்ளும் இடங்களில் அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. போதை எதையும் தருவதில்லை. அதற்கு யாரும் அடிமையாவதுமில்லை. உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினால் விழிக்காமல், மூச்சு நிமிஷத்துக்கு நாலைந்தாகக் குறைந்து கிடப்பவனுக்கு அதை ஊசியாகவோ மூக்கில் தெளிப்பாகவோ கொடுத்தால், சில நிமிஷங்களில் எழுந்து உட்கார்ந்து, சமயத்தில், எழுப்பினவர்களையே கோபித்துக்கொள்வான். அதைக் கண்டு, பிழைத்துவிட்டான் என்று நிம்மதியாக வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால் நலாக்ஸோனின் பலம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறது. உடம்பிலிருக்கும் லாகிரி அதற்கு மேலும் தங்கினால் மூச்சு மறுபடி அடங்கலாம். ஆகவே, எழுந்து பேசுகிறவனாக இருந்தாலும், டாக்டர் சொல்லும் வரையில் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வைத்திருக்க வேண்டும்.